காரின் சில்லு இரைகிறதா? பெயாரிங்கா, ரயரா என்று வீட்டிலேயே கண்டறியலாம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நம்மிடம் இருந்த கார்களுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. புதியதன் விலை பலருக்கு எட்டாததால், பழையதைத் திருத்தித் திருத்தி ஓடுவதே வழக்கமாகிவிட்டது. என்னுடையதும் அப்படியொரு பழைய யப்பான் கார்தான். அதில் கேட்ட இரைச்சலுக்கு ஒரு கராஜில் நான்கு ரயரையும் மாற்றச் சொன்னார்கள். இன்னொன்றில் கியர்பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். பழுதாகியிருந்தது முன் இடது சில்லின் பெயாரிங் மட்டும்தான். வீட்டு முற்றத்தில் அதைக் கண்டுபிடித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

பெயாரிங் என்பது இரண்டு உருக்கு வளையங்களுக்கு இடையில் குண்டுகளோ உருளைகளோ கிறீசில் மிதந்து உருளும் ஓர் அமைப்பு. காரின் எடையைத் தாங்கிக்கொண்டு சில்லைச் சுழல விடுவது இதுதான். ஓரத்திலுள்ள இறப்பர் மூடி தேய்ந்து தண்ணீர் உள்ளே போனால் கிறீஸ் கெட்டுவிடும். பிறகு வளையத்தில் நுண்ணிய பள்ளங்கள் விழும். குண்டுகள் அந்தப் பள்ளங்களில் ஏறி இறங்கும் சத்தமே நாம் கேட்கும் இரைச்சல். மாரி காலத்தில் சில்லு மூழ்கும் அளவு வெள்ளத்தில் ஓடிய கார்களில், சில வாரங்களுக்குப் பிறகு இந்தச் சத்தம் தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதற் சோதனை வீதியில். ஆளரவம் குறைந்த நேரான வீதியில், மணிக்கு 50 அல்லது 60 கிலோமீற்றர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் ஸ்ரேறிங்கும் பிறேக்கும் இறுகிவிடும். எஞ்சினின் வேகம் விழுந்த பிறகும் 'ஊ' என்ற இரைச்சல் அப்படியே இருந்து, கார் மெதுவாக மெதுவாக அதுவும் தணிந்தால், சத்தம் எஞ்சினிலிருந்து வரவில்லை. அது சில்லுகளோடு சேர்ந்த ஒன்று.

அடுத்து ரயரைப் பிரித்தறிய வேண்டும். பலர் பிழைவிடும் இடம் இதுதான், கராஜ்காரர்களும் சேர்த்து. சீரற்றுத் தேய்ந்த ரயரும் கிட்டத்தட்ட இதே குரலில்தான் இரையும். காப்பெட் வீதியிலிருந்து கரடான தார் வீதிக்கு இறங்கும்போது சத்தத்தின் தன்மை மாறினால் ரயரைச் சந்தேகியுங்கள். பெயாரிங்குக்கு வீதி எதுவானாலும் ஒன்றுதான். ரயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடுபள்ளமும் தெரியும். அப்படியும் தெளிவில்லை என்றால் முன் ரயர்களையும் பின் ரயர்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி ரயர். ஒரு சதம் செலவில்லை.

எந்தப் பக்கம் என்று அறிய வளைவுகள் உதவும். வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடப்பக்கச் சில்லுகளில் சாயும். ஆகவே வலப்பக்கம் திரும்புகையில் இரைச்சல் கூடி, இடப்பக்கம் திரும்புகையில் குறைந்தால், பெரும்பாலும் இடப்பக்க பெயாரிங். நம் நாட்டுச் சுற்றுவட்டங்களில் நடுத்திட்டை வலப்பக்கம் வைத்தே சுற்றுகிறோம் என்பதால், இடப்பக்கப் பழுது அங்கே நன்றாகக் குரல் எழுப்பும். ஆனால் காதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிவிடக் கூடாது. காரின் உடல் இரும்புப் பெட்டி போன்றது. பின்னால் எழும் சத்தம் முன்னால் கேட்பதுண்டு. இறுக்கமாகத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால் அது வேறு கதை, சி.வி. ஜொயின்ற்.

இனி ஜக்கில் ஏற்ற வேண்டும். சமதரையான இடம், தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜக்கோடு சேர்த்து உறுதியான இரும்புத் தாங்கி. சீமெந்துக் கல்லைத் தாங்கியாக வைக்காதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும். முன் சில்லைச் சோதிக்கும்போது ஹான்ட்பிறேக் பிடித்து, கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின் சில்லு என்றால் ஹான்ட்பிறேக்கை விடுவிக்க வேண்டும். முன் சில்லுகளில் கட்டை இறுக்கமாக இருக்க வேண்டும்.

சில்லை மேலும் கீழும் பிடித்து முன்பின்னாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே இருத்தி பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற். இடமும் வலமும் பிடிக்கையில் மட்டும் ஆடினால் ரை ரொட் பக்கம் பாருங்கள். ஆட்டமே இல்லை என்பதால் பெயாரிங் நல்லது என்று முடிவெடுத்துவிட முடியாது. மூடிய வகை பெயாரிங்குகள் ஆட்டம் காட்டுவதற்கு வெகு முன்பே இரையத் தொடங்கும். என்னுடையதும் இம்மியும் ஆடவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது சுருள்வில். ஒரு கையின் விரல் நுனிகளைச் சில்லுக்கு மேலுள்ள ஸ்பிரிங்கில் வைத்து, மறு கையால் சில்லைச் சுழற்றுங்கள். நல்ல பெயாரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பது போன்ற அதிர்வு வரும். மற்றப் பக்கச் சில்லையும் அப்படியே சோதித்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'சர்' என்று உரசினால் அது பிறேக் பாட். பெயாரிங்கின் அதிர்வு விடாமல் தொடரும். எஞ்சினை ஓடவிட்டு, தூக்கிய சில்லைக் கியரில் சுழற்றிக் காட்டும் காணொளிகளைப் பார்த்துச் செய்து பார்க்க வேண்டாம்.

இரைச்சல் மட்டும் என்றால் கராஜ் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆட்டமும் இருந்தால் ஓட்டாதீர்கள். பெயாரிங் இறுகினாலோ உடைந்தாலோ சில்லு கட்டுப்பாட்டை இழக்கும். மாற்றும் வேலையைப் பெரும்பாலான கார்களில் வீட்டில் செய்ய இயலாது, அழுத்தும் இயந்திரம் தேவை. ஹப்போடு சேர்ந்து வருவதென்றால் போல்ட் கழற்றி மாற்றலாம். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அது உணரியை நோக்கி இருக்கும்படி பூட்ட வேண்டும், மாறிவிட்டால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். பூட்டி முடித்ததும் மெக்கானிக் அச்சு நட்டை ரோர்க் ரெஞ்சால் இறுக்குகிறாரா, வெறும் நீளக் குழாயைப் போட்டு இழுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.