கொழுந்துக் கூடையும் வீட்டுச் சாவியும்

தாமிரபரணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் முடிப்பார்கள். நடுவில் அகத்தியர் வருவார், நெல் வரும், அல்வாகூட வரும். அதன் துணையாறான மணிமுத்தாறு இறங்கிவரும் மலையில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்கள் வருவதில்லை.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை படர்ந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சமவெளிக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கங்காணிகள் ஏற்றினார்கள். கேரளத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். இலங்கைக்கும் வால்பாறைக்கும் போன அதே நெல்லைச் சீமை மக்கள்தாம். இவர்கள் கடல் தாண்டவில்லை, மாவட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. அதனாலேயே இவர்களைப் புலம்பெயர்ந்தோர் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

குடும்பமாக ஏற்றியதற்குக் காரணம் உண்டு. கொழுந்தைப் பெண்கள் பறிக்க வேண்டும். அவள் மலையில் தங்க வேண்டுமானால் பிள்ளையும் புருஷனும் அங்கே இருக்க வேண்டும். லைன் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றைக் கடமையாக்கியது. 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நம் ஊர் வயல்களில் வேப்பமரக் கிளையில் தொட்டில் கட்டி நாற்று நட்ட பெண்களுக்கு எந்தச் சட்டமும் இவ்வளவு சொன்னதில்லை. அந்த வகையில் அது பெரிய சட்டம்தான்.

ஆனால் அதன் எல்லா உதவியும் வேலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறுகிறவள் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? ஆகவே மகளோ மருமகளோ பெரட்டில் பேர் கொடுத்தாள். படிப்பை நிறுத்திக் கூடை தூக்கிய பெண்ணைப் பற்றி 'படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதிவிடுவது எளிது. கிழவிக்குக் கூரை வேண்டும் என்பதற்காக அவள் கூடை தூக்கினாள் என்று எழுத, அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

1999-இல் தினக்கூலி 150 ரூபாய் கேட்டு அவர்கள் போராடினார்கள். கைதான 652 பேரில் 198 பேர் பெண்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. ஆண்டுதோறும் கட்சிக்காரர்கள் வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அந்த 198 பெண்கள் சிறையிலிருந்து திரும்பி மறுபடி எந்தக் காட்டில் கொழுந்து எடுத்தார்கள், அவர்கள் உள்ளே இருந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்ற கேள்விகள் மலரோடு சேர்ந்து போய்விடுகின்றன. பக்கத்து லைன்காரிதான் போட்டிருப்பாள். வேறு யார் இருந்தார்கள் அங்கே?

குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, 2024-இல், கம்பெனி விருப்ப ஓய்வுத் தாள்களை நீட்டியது. 'விருப்ப' என்ற அந்தச் சொல்லைத் தமிழ் படித்தவளாக என்னால் விழுங்க முடியவில்லை. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிசம்பரில் அதை மறுத்து, மறுவாழ்வு உதவிகளை அரசு செய்யட்டும் என்றது. கீழே அடுக்குமாடி வீடு, கடன், தொழிற்பயிற்சி என்று பட்டியல் வந்தது. பட்டியல் மோசமில்லை. ஆனால் ஐம்பது வயதில் இறங்கி வருகிற பெண்ணுக்குக் கீழே என்ன வேலை இருக்கிறது? அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் பெண்களின் வேலை பீடி சுற்றுவது. சின்ன வயதிலேயே கை பழக வேண்டிய வேலை அது. கொழுந்து கிள்ளிய விரலுக்கு இலை மடக்க வராது. லைனில் பக்கத்துக் கதவாக இருந்தவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். உதவித் திட்டம் எதிலும் பக்கத்து வீட்டுக்காரி இடம்பெறவில்லை.

இன்னொரு வாதமும் எழுந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிகளைப் போன்ற பழங்குடிகளுக்கு மட்டுமானதல்ல. 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்த பிறருக்கும் அது இடம் தருகிறது. கழித்துப் பாருங்கள், 1930 வருகிறது. முதல் கூட்டத்தோடு ஏறியவர்களின் பேத்திகளுக்கு மயிரிழையில் கணக்குச் சரியாகிறது. தேயிலை பறிப்பது காட்டை நம்பிய வாழ்வாகுமா என்பது வேறு வழக்கு. நான் பார்ப்பது சான்றை. அச்சட்டத்தின் விதிகள் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் எழுத்தில் பதித்தால் சான்றாக ஏற்கின்றன.

எனவே மாணவிகளை அனுப்பும்போது பாட்டு கேட்டு வரச் சொல்வதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அம்மா எந்த ஊரிலிருந்து ஏறினார், எந்தக் கங்காணியோடு, எந்த வருசம், உங்களை எந்த லைனில் பெற்றார், பேறு பார்த்தது யார்.