காது நுனியில் ஒரு வெட்டு

தெருவில் படுத்திருக்கும் நாயின் காது நுனியில் நேராக நறுக்கிய ஒரு சிறு வெட்டு தெரிந்தால், அது சண்டையில் கிழிந்த காது அல்ல. கருத்தடை ஆபரேஷன் முடிந்தது, வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, பிடித்த தெருவிலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டாயிற்று என்பதற்கான அடையாளம். மயக்கம் தெளிவதற்குள் காதில் வெட்டிவிடுவார்கள். அடுத்த தடவை நாய் பிடிக்கிற வண்டி வரும்போது அந்தக் காதைப் பார்த்தால் போதும். இன்று நாடு முழுக்க விதியாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிப் போனால், சென்னை தியாகராய நகரில் ஒரு விமானியின் வீட்டில் போய் நிற்போம்.

கேப்டன் வி. சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம் இருவருமே விமானம் ஓட்டியவர்கள். சுந்தரம் மைசூர் மகாராஜாவுக்கு விமானியாக இருந்தார். உஷா, பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறிய முதல் பெண். 1951-இல் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த சாதனை அவர்களுடையது. 1959-இல் ஒரு பெருமழை நாள். தியாகராய நகரில் தெருவெல்லாம் வெள்ளம். அதில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைப் பார்த்த சுந்தரம் அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு குட்டிகளோடு தொடங்கியதுதான் ‘புளூ கிராஸ் ஆஃப் இந்தியா’. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அடிபட்டது, நோய்ப்பட்டது, கைவிடப்பட்டது என்று வீடு நிறைந்தது. 1964-இல் முறையாகச் சங்கமாகப் பதிவு செய்தார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது நல்ல மனசுக்காரர் ஒருவரின் வீட்டுக் கதையாக முடிந்திருக்கும். 1964-இல் அந்தக் குடும்பம் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-இல். நூறு வருஷத்துக்கு மேலாகக் கொன்றும் நாய் குறைந்ததா? சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா பொறியாளர். நூறு வருஷமாகச் செய்து பலன் தராத ஒரு வேலையை அவரால் வேலை என்றே ஒப்புக்கொள்ள முடியவில்லை. குறையவில்லை என்பதோடு, கொல்கிற கணக்கு ஏறிக்கொண்டே போனது. 1970-களின் தொடக்கத்தில் செத்த நாய்கள் அத்தனை குவிந்ததால், அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த் தோலில் கழுத்து டையும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தது என்று சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் எழுதியிருக்கிறார். 1996 வாக்கில் சென்னையில் ஒரு நாளைக்குக் கொல்லப்பட்ட நாய்கள் 135. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள்.

கொன்றும் ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதை அந்தத் தெருவின் குப்பைதான் தீர்மானிக்கிறது. கறிக்கடைக் கழிவும் ஓட்டல் எச்சிலையும் கிடக்கும் வரை அங்கே வாய்களுக்கு இடம் உண்டு. பத்து நாயைப் பிடித்துப் போனால் அந்த இடம் காலி. பக்கத்துத் தெரு நாய் உள்ளே வரும். தப்பிப் பிழைத்த பெட்டைக்குத் தீனி கூடும். போட்ட குட்டிகளில் அதிகம் தங்கும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூட ஆகலாம். புதிதாக வருகிற நாய்க்குத் தடுப்பூசி கிடையாது. இடத்துக்காகச் சண்டை, சண்டையில் கடி. வெறிநோய் பரவுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? மாறாக, ஆபரேஷன் ஆன நாய் தன் இடத்தில் கிடக்கும், குட்டி போடாது, அந்நிய நாயை அண்ட விடாது. அதன் உடம்பில் தடுப்பு மருந்தும் இருக்கும். அன்பு காட்டுகிறவர்கள் கணக்கும் போட்டார்கள் என்பதுதான் புளூ கிராஸ் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யச் சொன்ன அந்தக் கணக்கை மாநகராட்சி ஏற்க 32 வருஷம் ஆனது. 1992-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே, நாய்களை அப்புறப்படுத்துவதால் அவற்றின் எண்ணிக்கையோ வெறிநோயோ குறிப்பிடும்படி குறைந்ததற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. 1996-இல் தென்சென்னையில் முதலில் பரீட்சார்த்தமாக ஒப்புக்கொண்டார்கள், பிறகு நகரம் முழுக்க. 2001 டிசம்பரில் மத்திய அரசு இதை விதியாகவே அறிவித்தது. அந்த விதிக்குத் தாய்ச்சட்டம் 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அதற்கு வழி போட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது.

சங்கரன்கோவில்காரர்களான நமக்கு இந்தக் கதை ஏன்? சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகங்கள் வழிபட்ட தலம் இது. புற்றுமண்ணே பிரசாதம். பாம்பு, தேள் உருவங்களைத் தகட்டில் வாங்கிக் காணிக்கை போட்டு, கண்ணில் படாமல் இருந்துகொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்கிற ஊர். விஷ ஜந்துவோடும் ஒரு சமாதான ஏற்பாடு செய்துகொண்ட மக்கள் நாம். வடக்கே போனால் ராஜபாளையம், இன்னொரு பக்கம் சிப்பிப்பாறை. இரண்டு ஊரின் பெயரையும் நாய்கள்தான் வெளியே கொண்டுபோயிருக்கின்றன. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வந்தது. பெயரில்லாத தெருநாய்க்குத்தான் கல்லும் கம்பும்.

கடிபட்டவர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத் துரத்தும் நாயைப் பற்றித் தாயிடம் ஜீவகாருண்யம் பேச முடியாது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்தவுடன் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்போ மஞ்சளோ வைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும். தினமும் பிஸ்கட் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் சோறு போடும் பெட்டைக்கு ஆபரேஷன் செய்ய வைக்காவிட்டால், அதன் குட்டிகள் மழைத்தண்ணீரிலும் லாரிச் சக்கரத்திலும்தான் போய் முடியும்.

2023-இல் பழைய விதிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. நாய் பிடிப்பது, ஆபரேஷன், தடுப்பூசி, திரும்ப விடுவது எல்லாம் உள்ளாட்சியின் கடமை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது. சங்கரன்கோவிலிலும் இவை எல்லாம் இருக்கின்றன. ஆக, நகராட்சிக்கு ஓர் ஆபரேஷன் கூடமும் தேர்ந்த கால்நடை மருத்துவரும் கூண்டுகளும் காப்பகமும் வேண்டும். பெரிய ஊர்களைப் போல இங்கே லட்சக்கணக்கில் நாய்கள் இல்லை. நூற்றுக்கு எழுபது நாய்க்காவது குறுகிய காலத்தில் முடித்தால்தான் பலன் தெரியும் என்கிறார்களே, அது சின்ன ஊரில் எட்டக்கூடிய இலக்கு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வந்து குவிவதற்கு முன், வார்டு வார்டாகப் போய் எத்தனை நாய், அதில் எத்தனை பெட்டை என்று எண்ணுவதிலிருந்து இதைத் தொடங்கலாம். எண்ணுவதற்கு ஒரு நோட்டும், விடிகாலையில் தெருவைச் சுற்றிவர ஆர்வமுள்ள பத்துப் பிள்ளைகளும் போதும்.