கூரைக்குக் கீழ 60 மீட்டர்: ஜனவரி டைமிங்கை எப்படிப் படிக்கிறது?

இன்னைக்கு 60 மீட்டர் ஓட்டத்தோட கதை. நூறு இல்ல, அறுபது.

2024 ஜனவரி, பொங்கல் முடிஞ்ச வாரம். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு பள்ளிக்கூட மைதானம். டிசம்பர்ல வந்த மிக்ஜாம் புயல்ல தேங்கின தண்ணி வடிஞ்சு, தரை அப்பத்தான் காய ஆரம்பிச்சிருந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டு பசங்களை ஓட விட்டாங்க. என் அக்கா பொண்ணுக்கு அப்ப 13 வயசு. 8.1 செகண்ட்னு பி.டி. சார் சொன்னார். அன்னைக்கு சாயங்காலம் எனக்கு போன் பண்ணி, "மாமா, இது நல்ல டைமிங்கா?"ன்னு கேட்டா.

நான் "சூப்பர்டா"ன்னு சொல்லிட்டேன். குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டும் விட்டேன். சித்தப்பா ஒருத்தர் "அடுத்த பி.டி. உஷா"ன்னு எழுதினார். யோசிக்காம சொன்ன அந்த பதிலுக்கு அப்புறம் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல, 60 மீட்டர்ங்கிற தூரம் எங்கிருந்து வந்தது? பனியில இருந்து. ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெளிய ஓட முடியாது. அதனால கட்டடத்துக்குள்ள போனாங்க. 1868 நவம்பர்ல நியூயார்க் அத்லெட்டிக் கிளப் தன்னோட முதல் போட்டியை ஒரு ஸ்கேட்டிங் அரங்கத்துக்குள்ள நடத்துச்சு. வில்லியம் கர்ட்டிஸ் அங்க ஆணி வெச்ச ஷூ போட்டு ஓடினார். 1908-ல அதே ஊர்ல வானமேக்கர்ங்கிற பெரிய கடையோட ஊழியர்கள் ஆரம்பிச்ச மில்ரோஸ் போட்டி, 1914-ல மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போச்சு. மில்ரோஸ் இன்னும் நடக்குது.

கட்டடத்துக்குள்ள நூறு மீட்டர் நேர்கோடு கிடைக்கிறது கஷ்டம். ஒரு சுத்து 200 மீட்டர் வர்ற மாதிரி வளைச்ச தடத்துக்கு நடுவுல ஒரு நேர்கோட்டைப் போட்டா, ஓடறதுக்கும் நின்னு நிதானிக்கிறதுக்கும் சேர்த்து 60 மீட்டர்தான் தேறும். முடியற இடத்துல சுவத்துக்கு மெத்தை சாத்தி வெச்சிருப்பாங்க. அதுல போய் மோதித்தான் நிறைய பேர் நிப்பாங்க. யாரும் ஆராய்ச்சி பண்ணித் தேர்ந்தெடுத்த தூரம் இல்ல இது. கட்டடத்தோட நீளம் கொடுத்த தூரம்.

ஆனா ஓடறவங்களைப் பொறுத்தவரை அந்த 60 ஒரு எக்ஸ்ரே மாதிரி ஆயிடுச்சு. துப்பாக்கி சத்தத்துக்கு எவ்வளவு சீக்கிரம் எழறாங்க, முதல் 30 மீட்டர்ல குனிஞ்ச உடம்பு எப்படி நிமிருது, இதெல்லாம் அப்படியே தெரியும். உச்ச வேகத்தைத் தொடற நேரத்துல பந்தயம் முடிஞ்சிடும். அந்த வேகத்தைக் கடைசி 40 மீட்டருக்குத் தக்க வெச்சுக்க முடியுமான்னு மட்டும் தெரியாது. உசேன் போல்ட் 2009 பெர்லின்ல 9.58 ஓடினப்ப, 60 மீட்டரைக் கடந்தது 6.31-ல. உள்ளரங்க உலக சாதனையே 6.34 தான்! ஆனா போல்ட்டைத் தனியாக் காட்டினது அதுக்கு அடுத்த 20 மீட்டர்: 1.61 செகண்ட். அந்தத் துண்டை எந்தக் கூரையும் காட்டாது.

இப்ப 2024-க்கு வருவோம். எனக்கு அந்த வருஷ உள்ளரங்க சீசன் ஒரு சீரியல் மாதிரி ஆயிடுச்சு. அமெரிக்காவுல ராத்திரி நடக்கிற போட்டியோட ரிசல்ட் நமக்குக் காலையில வரும். ஈ.சி.ஆர்.ல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப போன்ல பார்ப்பேன். நோவா லைல்ஸ் 200 மீட்டர் ராஜா, ஸ்டார்ட் மட்டும் சுமார்னு பேர் எடுத்தவர். அவர் பிப்ரவரியில ஆல்புகர்க்கில 6.43 ஓடி, உலக சாதனை வெச்சிருந்த கிறிஸ்டியன் கோல்மனையே ஒரு நூறில் ஒரு பங்குல முந்தினார். மார்ச் 1-ம் தேதி கிளாஸ்கோ உலக உள்ளரங்கப் போட்டியில கதை திரும்புச்சு. கோல்மன் 6.41, லைல்ஸ் 6.44.

அன்னைக்கு யாரைக் கேட்டாலும் கோல்மன்தான் வேகம்னு சொல்லியிருப்பாங்க. ஆனா ஜூன்ல அமெரிக்கத் தேர்வுப் போட்டியில கோல்மன் நாலாவது. மூணு பேருக்குத்தான் டிக்கெட். லைல்ஸ் பாரிஸ் ஃபைனல்ல துப்பாக்கிக்கு 0.178 செகண்ட் கழிச்சுத்தான் அசைஞ்சார், 30 மீட்டர்ல கடைசி ஆளு, கடைசியில தங்கம். 9.784-க்கும் 9.789-க்கும் நடுவுல இருந்தது ஆயிரத்தில் அஞ்சு பங்கு. பெண்கள்ல இதுக்கு நேர் எதிர். செயின்ட் லூசியாவோட ஜூலியன் ஆல்ஃபிரட் கிளாஸ்கோவுல 6.98-ல ஜெயிச்சார், ஆகஸ்ட்ல பாரிஸ்லயும் ஜெயிச்சார். அந்தக் குட்டித் தீவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அப்ப ஜனவரி, பிப்ரவரி டைமிங்குக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. லைல்ஸோட 6.43 அவர் ஜெயிப்பார்னு சொல்லல. "என் பழைய ஓட்டையை அடைச்சிட்டேன்"னு சொல்லுச்சு. 1964-ல பாப் ஹேய்ஸ் நியூயார்க்ல 60 கஜத்தை 5.9-ல ஓடினார். அதுக்கு முன்னாடி ஆறு செகண்டுக்குக் கீழ யாரும் ஓடினதில்ல. எட்டு மாசத்துல டோக்கியோவுல தங்கம். 2021 மார்ச்ல ஐரோப்பிய உள்ளரங்கத்துல 6.47 ஓடி ஜெயிச்ச மார்செல் ஜேக்கப்ஸைப் பெருசா யாரும் கவனிக்கல. ஆகஸ்ட்ல ஒலிம்பிக் சாம்பியன் ஆனதும் "யார் இவர்?"னு உலகமே தேடுச்சு. பிப்ரவரி, மார்ச் ரிசல்ட் படிக்கிறவங்களுக்கு அவர் பேர் ஏற்கெனவே தெரியும். (இந்த ஒரு விஷயத்துல எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வம் உண்டு.)

டைமிங்குக்கு முன்னாடி, அது எங்க, எப்படி எடுத்ததுன்னு படிக்கணும். கோல்மனே 2018 ஜனவரியில கிளெம்சன்ல 6.37 ஓடினார். உலக சாதனை மாதிரிதான் இருந்தது. ஆனா அங்க ஸ்டார்ட்டிங் பிளாக்ல ரியாக்‌ஷன் அளக்கிற மின்னணுக் கருவி இல்லாததால ஏத்துக்கல. ஒரு மாசம் கழிச்சு 6.34 ஓடிக் கணக்கைத் தீர்த்தார். ஓடின இடம் ஆல்புகர்க், கடல் மட்டத்துக்கு மேல 1,600 மீட்டர். காத்து அடர்த்தி குறைவு, ஓடறவங்களுக்கு லாபம்.

இந்த உயரக் கணக்குல ஒரு தமிழர் கதையும் இருக்கு. சிங்கப்பூர் கனகசபை குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல நூறு மீட்டரை 10.38-ல ஓடினார். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. சிங்கப்பூர்ல அந்த சாதனை 2001 வரைக்கும் நின்னுச்சு. உயரத்தால அவர் ஓட்டம் சின்னதாகிடாது. பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வெச்சா ஒப்பிடறவங்களுக்கு நியாயமா இருக்கும், அவ்வளவுதான்.

சில டைமிங்குக்கு அடுத்த வருஷமும் காத்திருக்கணும். 1987 இண்டியானாபொலிஸ்ல பென் ஜான்சன் ஓடின 6.41, ஊக்கமருந்தை அவரே ஒத்துக்கிட்ட பிறகு 1989-ல அழிக்கப்பட்டது. நம்ம திருச்சி தனலட்சுமி சேகர் 2021 மார்ச்ல பாட்டியாலாவுல நூறு மீட்டர்ல டூட்டி சந்தை முந்தினப்ப நான் துள்ளிக் குதிச்சேன். 200 மீட்டர்ல 23.26 ஓடி உஷாவோட போட்டி சாதனையையும் தாண்டினார். அடுத்த வருஷமே ஊக்கமருந்துச் சோதனையில சிக்கித் தடை வாங்கினார். அந்த மார்ச் மாசத்தை இப்ப எப்படி நினைக்கிறதுன்னு எனக்கு இன்னும் குழப்பம்தான்.

இதுல நம்ம நாடு எங்க வருது? வெயில் காரணமா நமக்கும் பழைய நாள்ல ஆரம்பப் போட்டி குளிர்காலத்துலதான். 1924 பிப்ரவரியில டெல்லியில நடந்த போட்டிகளை வெச்சுத்தான் ஜூலை பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஓட்டக்காரர்களை எடுத்தாங்க. கூட மேனேஜரா போனவர் ஹாரி பக். 1920-ல சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சவர் அவர்தான். பிப்ரவரியில ஓடின ஓட்டத்தை நம்பி ஜூலைக்குக் கப்பல் ஏத்தினாங்க.

கூரை மட்டும் நூறு வருஷம் வரல. ஆசிய உள்ளரங்க சாம்பியன்ஷிப் 2004-ல டெஹ்ரான்ல ஆரம்பிச்சுது. 2016 பிப்ரவரியில தோஹாவுல டூட்டி சந்த் 60 மீட்டரை 7.28-ல ஓடி தேசிய சாதனை வெச்சு, வெண்கலமும் வாங்கினார். அப்ப இந்தியாவுல உள்ளரங்க ஓட்டத் தடமே இல்ல. அதே வருஷம் ரியோவுக்குப் போய், 1980-ல உஷா ஓடினதுக்கு அப்புறம் ஒலிம்பிக் நூறு மீட்டர்ல ஓடின முதல் இந்தியப் பெண் ஆனார். விசாகப்பட்டினத்து ஜோதி யார்ராஜி 60 மீட்டர் தடை ஓட்டத்துல 2023 அஸ்தானாவுல 8.13 ஓடி வெள்ளி, அஞ்சு மாசம் கழிச்சு பாங்காக் ஆசியப் போட்டியில நூறு மீட்டர் தடை ஓட்டத்துல தங்கம். 2024 டெஹ்ரான்ல 8.12, அதுவும் தங்கம். புவனேஸ்வர்ல கூரையோட 200 மீட்டர் தடம் வந்தது 2024-லதான்.

"நமக்கு ஏன் கூரை? இங்க பனியா கொட்டுது?"ன்னு கேக்கறவங்க உண்டு. செங்கல்பட்டுக் கரையில அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இருந்து பார்த்தா இப்படிக் கேக்க மாட்டாங்க. வருஷ மழையில பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துல கொட்டும். கொளவாய் ஏரி தளும்பும், பாலாத்துல தண்ணி ஓடும், மண் மைதானமெல்லாம் குளம். அவங்களுக்குப் பனி, நமக்கு வடகிழக்குப் பருவமழை. அவங்க பசங்க அந்த மாசங்கள்ல கூரைக்குக் கீழ ஸ்டார்ட் பழகறாங்க. நம்ம பசங்க வீட்டுல உக்காந்து தண்ணி வடியக் காத்திருந்து, ஜனவரியில ஈரத் தரையில நேரடியாப் பந்தயத்துல நிக்கிறாங்க. மேலக்கோட்டையூர்ல உடற்கல்விப் பல்கலைக்கழகமே இருக்கிற மாவட்டம் இது. ஒரு நேர்கோட்டுக்காவது கூரை போடலாமேன்னு அந்த ரோட்டுல போறப்பல்லாம் தோணும்.

இனி அந்த 8.1. மார்ச்ல அவ முதல் தடவையா சிந்தெட்டிக் தடத்துல, எலெக்ட்ரானிக் டைமிங்ல ஓடினா. 8.47. திரும்பி வந்தவ யார்கிட்டயும் பேசல. "நான் ஸ்லோ ஆயிட்டேன், இனி போகல"ன்னு சொல்லிட்டா. ரெண்டு வாரம் ஷூவைத் தொடல. நான் பெருமையா போட்ட மெசேஜ் இன்னும் அந்த குரூப்ல இருந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை போய் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவர் சத்தம் கேட்டு அமுக்கறதுக்குள்ள நேரம் போயிடும். கையால எடுத்த டைமிங்கோட 0.24 கூட்டித்தான் எலெக்ட்ரானிக்கோட ஒப்பிடுவாங்க. 8.1 அங்கேயே 8.34 ஆயிடுச்சு. "அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?"னு கேட்டேன். யோசிச்சுட்டு, "பின்னாடி மாமா, கடல்ல இருந்து. முடியெல்லாம் முன்னாடி பறந்துச்சு"ன்னா. பெரிய போட்டியில செகண்டுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல பின்காத்து அடிச்சா சாதனையா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம மைதானத்துல காத்தை அளக்கக் கருவியே கிடையாது. கோல்மனோட 6.37 கதையையும் சொன்னேன். "அவருக்கே தரலையா?"ன்னு கேட்டா. முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. வாட்ஸப் மெசேஜுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

இப்ப அவ ஒரு நோட்டு வெச்சிருக்கா. ஒவ்வொரு டைமிங்குக்குப் பக்கத்துலயும் கை / எலெக்ட்ரானிக், மண் / சிந்தெட்டிக், காத்து எந்தப் பக்கம். மழை மாசத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சோம். எங்க ஊர் கல்யாண மண்டபம் மார்கழி முழுக்கக் காலி. ஓனர் தெரிஞ்சவர். நாற்காலியை ஓரங்கட்டினா வாசல்ல இருந்து மேடை வரைக்கும் 22 மீட்டர். மணமகள் அறையில இருந்து ரெண்டு மெத்தையைத் தூக்கிட்டு வந்து மேடைக்கு முன்னாடி நிமிர்த்தி வெச்சோம். முதல் ஸ்டார்ட்லயே நேராப் போய் அதுல மோதி, எழுந்து, "கிளாஸ்கோ மாதிரியே இருக்கு மாமா"ன்னா. சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்த வாட்ச்மேனுக்கு ஒண்ணும் புரியல.