துரைமார் சூட்டிய பெயர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் பணப்பேய், தமிழர் குடிகாரர். இந்த மூன்று பேச்சையும் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். முதல் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் காதுபடவே சொல்கிறோம். மூன்றாவதைப் பிறர் சொன்னால் மட்டும் நமக்கு மனம் கொதிக்கிறது. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்து பின்னர் ஆளுநரான பிராங்க் சுவெட்டன்ஹாம், மலாய்க்காரர் உழைப்பில் நாட்டமில்லாதவர் என்று எழுதி வைத்தார். இதை ஆராய்ந்த சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ், 1977இல் வெளிவந்த தம் நூலில் அது வெறும் கட்டுக்கதை என்று காட்டினார். மலாய்க்காரர் வயலில் உழுதனர். கடலில் மீன் பிடித்தனர். துரைமார் கொடுத்த அற்பக் கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்ய அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். அந்த மறுப்புக்குத்தான் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். ரப்பருக்கு நல்ல விலை கிடைத்ததும் கிராமத்தார் தாங்களே ரப்பர் நட்டார்கள். 1917இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த நெல் நிலச் சட்டமோ, நெல் வயலில் வேறு பயிர் செய்வதைத் தடுத்தது!

சீனர் கதையும் இதுவே. பணமே குறி என்று அவர்களைப் பழித்த ஆட்சி, சீனத் தொழிலாளர் புகைத்த அபினிலிருந்து தன் வருமானத்தின் பெரும்பங்கைப் பெற்றுக்கொண்டது.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழன் சொன்னதைக் கேட்பான், எதிர்த்துப் பேசமாட்டான் என்றுதான் துரைமார் நம்மை விரும்பினார்கள். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் திரட்டினர். தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. உழைத்த காசு அங்கே போயிற்று. கூடவே குடிகாரன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் 1941இல் என்ன நடந்தது? கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அதோடு, கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள்! அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. துருப்புகள் வந்தன, தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போர் முடிந்த பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக மறியல் செய்தது.

அடங்கிப் போவான், குடித்துக் கெடுவான் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களே உரிமை கேட்டார்கள். கள் வேண்டாம் என்றார்கள். நம் பாட்டன்மாரின் இந்த வரலாற்றை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அன்பர்களே, இந்தப் பெயர்களால் துரைமாருக்கு ஆதாயம் இருந்தது. சோம்பேறி என்றால் அவனுக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டாம். குடிகாரன் என்றால் அவன் வறுமைக்குத் தோட்டம் பொறுப்பில்லை. நமக்கு என்ன ஆதாயம்? துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வசவை நாம் கூலி வாங்காமல் சுமக்கிறோம். இன்று வங்காளதேசத் தொழிலாளரையும் இந்தோனேசியப் பணிப்பெண்ணையும் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சு, அன்று துரை பங்களாவில் நம்மைப் பற்றிப் பேசிய அதே பேச்சுதான்.

அடுத்த முறை 'அந்த இனத்தாரே இப்படித்தான்' என்று வாய் திறக்கும்போது, கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை நம் குணத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்றுதான் அவர்கள் போராடினார்கள். அந்த அளவுகோலை அடுத்த வீட்டாருக்கும் கொடுப்போம்.