ஆயத்தம், முடிவு, அச்சம்: 1941 ஜெர்மன்–சோவியத் போரின் தோற்றம் குறித்த விவாதம்

1941 ஜூன் 22 அதிகாலையில் சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைக் கடந்தனர். அன்றே ஹிட்லர் வெளியிட்ட பிரகடனம், எல்லையில் செம்படை குவிந்துவருவதால் ஜெர்மனி முந்திக்கொண்டு தாக்க நேர்ந்தது என்று விளக்கம் சொன்னது. நியூரம்பெர்க் தீர்ப்பாயம் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஜெர்மன் படைத்தலைமையகத்தில் தாக்குதல் திட்டத்தை வரைவதில் பங்குகொண்ட பவுலுஸே, சோவியத் தரப்பில் தாக்குதலுக்கான அறிகுறி எதுவும் தம் கவனத்துக்கு வரவில்லை என்று 1946 பிப்ரவரியில் அங்கே சாட்சியம் அளித்தார். விவாதம் அத்துடன் முடிந்ததாகவே பலரும் கருதினர்.

அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் விக்டர் சுவோரோவ். விளாதிமிர் ரெசூன் என்ற இயற்பெயர் கொண்ட இவர், 1978இல் பிரிட்டனில் தஞ்சம் புகுந்த சோவியத் ராணுவ உளவு அதிகாரி. 1985இல் ஒரு கட்டுரையாக வெளிவந்த இவரது கருத்து, ‘பனி உடைக்கும் கப்பல்’ என்ற நூலாக 1989இல் ஜெர்மனிலும், 1990இல் ஆங்கிலத்திலும், 1992இல் ரஷ்ய நாட்டிலும் பரவியது. ஐரோப்பாவின் பழைய அரசுகளை உடைத்து வழி திறக்கும் கருவியாக ஹிட்லரை ஸ்டாலின் பயன்படுத்தினார்; 1941 ஜூலை 6 அன்று தாமே தாக்கத் திட்டமிட்டிருந்தார்; ஹிட்லர் இரண்டு வாரம் முந்திக்கொண்டார் என்பதே அதன் சாரம்.

இந்த விவாதத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். தாக்குதல் போருக்குச் சோவியத் ஒன்றியம் ஆயத்தமாகிவந்ததா? 1941இல் தாக்குவதென்று ஸ்டாலின் முடிவெடுத்தாரா? அந்தத் தாக்குதலுக்கு அஞ்சித்தான் ஹிட்லர் படையெடுத்தாரா? முதலாவதற்கான சான்று செம்படையின் அமைப்பிலும் போர்க்கோட்பாட்டிலும் இருக்கிறது. இரண்டாவதற்கான சான்று கிரெம்ளினின் முடிவுகளில் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு பெர்லினின் ஆவணங்களே சாட்சி. ஒன்றுக்கான சான்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ முயல்வதே சுவோரோவின் அடிப்படைப் பிழை. அவரை மறுத்தவர்களில் சிலரும் எதிர்த்திசையில் இதே பிழையைச் செய்தனர்.

1. ஆயத்தம்

சுவோரோவின் வாதங்களில் வலுவானவை முதல் கேள்வியைச் சார்ந்தவை. செம்படை பெரும் வான்குடைப் படைகளை உருவாக்கியது. 1939இல் எல்லை மேற்கே நகர்ந்த பின், பழைய எல்லையின் அரண் வரிசை கைவிடப்பட்டு, புதிய எல்லையை ஒட்டிப் படைகளும் விமானத் தளங்களும் நெருக்கி வைக்கப்பட்டன. 1941 மே 5 அன்று ராணுவக் கல்லூரிப் பட்டதாரிகளிடையே பேசிய ஸ்டாலின், இனித் தற்காப்பிலிருந்து தாக்குதலுக்கு மாற வேண்டும் என்ற பொருளில் பேசினார். போரை எதிரியின் மண்ணிலேயே நடத்துவது என்பதுதான் 1930களிலிருந்து செம்படையின் கோட்பாடு. இவற்றை மறுப்பதற்கில்லை. மிகயீல் மெல்த்யுகோவ் போன்ற ரஷ்ய ஆய்வாளர்கள், 1990களில் திறந்த காப்பகங்களின் துணையோடு, சுவோரோவைவிடக் கவனமாக இதை எடுத்துக்காட்டினர்.

ஆனால் சுவோரோவின் எல்லா எடுத்துக்காட்டுகளும் சோதனையில் நிற்பதில்லை. சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தில் ஓடக்கூடிய பி.டி. ரக டாங்கிகள் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளுக்காகவே செய்யப்பட்டவை என்கிறார் அவர். அவற்றின் மூல வடிவமைப்பு அமெரிக்கப் பொறியாளர் கிறிஸ்டியுடையது. பட்டைகள் விரைவில் தேய்ந்துபோன அந்தக் காலத்தில், நீண்ட தூரம் நகர்வதற்குக் கண்ட தீர்வு அது. ஒரு கருவியின் ஆற்றலிலிருந்து அதை வைத்திருப்பவரின் நோக்கத்தை நேரடியாகப் படிப்பது எவ்வளவு வழுக்கலான பாதை என்பதற்கு இது சான்று.

அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர் டேவிட் கிளான்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சோவியத் நாட்டிடம் 20,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. மேற்கு எல்லை மாவட்டங்களில் இருந்த புதிய டி-34, கே.வி. ரகங்களோ சுமார் 1,500 மட்டுமே. இயந்திரப் படைப்பிரிவுகள் பாதி உருவான நிலையில் இருந்தன. லாரி, வானொலிக் கருவி, பயிற்சி பெற்ற அதிகாரிகள் எல்லாவற்றிலும் பற்றாக்குறை. ஐந்து மார்ஷல்களில் மூவரைப் பலிகொண்ட 1937–38 களையெடுப்பின் காயம் ஆறவில்லை. தாக்குதல் கோட்பாடும், அதை அந்தக் கோடையில் நிறைவேற்ற இயலாத படையும் ஒரே நாட்டில் சேர்ந்தே இருந்தன.

2. முடிவு

இரண்டாவது கேள்வியில் மையமாக நிற்பது 1941 மே மாத நடுவில் பாதுகாப்பு ஆணையர் திமஷென்கோ, படைத்தலைமையகத் தலைவர் ஜுகோவ் இருவர் பெயரிலும், அத்தலைமையக அதிகாரி வசிலெவ்ஸ்கியின் கையெழுத்தில் வரையப்பட்ட திட்டம். படை திரட்டிக்கொண்டிருக்கும் ஜெர்மானியரை முந்தித் தாக்கி, 152 டிவிஷன்களைக் கொண்டு போலந்தின் தென்பகுதியில் அவர்களது முதன்மைப் படையை முறியடிக்கலாம் என்று அது ஸ்டாலினுக்கு முன்மொழிந்தது. சோவியத் வரலாற்று நூல்கள் பல பத்தாண்டுகள் மறைத்து வைத்திருந்த இந்த ஆவணம் வெளிவந்ததும், சுவோரோவ் சொன்னது மெய்ப்பட்டதாகப் பலர் எழுதினர்.

அதைக் கூர்ந்து வாசித்தால் வேறு முடிவு கிடைக்கிறது. ஜெர்மன் படைக்குவிப்பைக் கண்டு எழுந்த பதில் அது. அதில் கையொப்பம் இல்லை. ஸ்டாலின் ஏற்றதற்கான குறிப்பும் இல்லை. படைத்தலைமையகம் திட்டம் வரைவது அதன் அன்றாடப் பணி. திட்டத்துக்கும் அரசு எடுக்கும் முடிவுக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அடுத்த வாரங்களில் ஸ்டாலின் நடந்துகொண்ட விதமும் அவர் தாக்க முடிவெடுத்தார் என்ற கருத்துக்கு எதிராகவே இருக்கிறது. போர் வதந்திகளை மறுத்து 1941 ஜூன் 14 அன்று சோவியத் செய்தி நிறுவனமான டாஸின் அறிக்கை வெளியானது. ஜெர்மன் விமானப்படைத் தலைமையகத்தில் இருந்த உளவாளி, தாக்குதலுக்கான ஆயத்தம் முடிந்துவிட்டது என்று அனுப்பிய செய்தியை அரசுப் பாதுகாப்புத் துறைத் தலைவர் மெர்குலோவ் ஜூன் 17 அன்று முன்வைத்தபோது, ஸ்டாலின் அதன் மீது வசைச்சொல் எழுதித் தள்ளினார். வரலாற்றாசிரியர் கபிரியேல் கொரோடெட்ஸ்கி தம் 1999 நூலில் காட்டும் ஸ்டாலின், போரை எப்படியாவது தள்ளிப்போட முயன்று தன்னையே ஏமாற்றிக்கொண்டவர்.

ஐரோப்பியப் போரைத் தூண்டிவிடுவதே தம் நோக்கம் என்று 1939 ஆகஸ்ட் 19 அன்று ஸ்டாலின் பேசியதாகச் சொல்லப்படும் உரை இன்னொரு தூணாக நிறுத்தப்படுகிறது. பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஹவாஸ் அதை அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. ஸ்டாலின் கட்சி நாளிதழான பிராவ்தாவில் மறுத்தார். மறுத்தவர் ஸ்டாலின் என்பதால் மட்டும் உரை உண்மையாகிவிடாது. வரலாற்றாசிரியர்கள் எபர்ஹார்ட் யெக்கல் 1958இலும், செர்கெய் ஸ்லூச் 2004இலும் இந்தப் பிரதியின் தோற்றத்தை ஆராய்ந்து, அது நம்பத்தக்கதல்ல என்று காட்டியிருக்கின்றனர்.

3. அச்சம்

முன்தடுப்புப் போர் என்ற கூற்று நிற்பதும் விழுவதும் மூன்றாவது கேள்வியில்தான். மாஸ்கோவில் எத்தனை திட்டங்கள் கண்டெடுக்கப்பட்டாலும், பெர்லின் அவற்றை அறிந்து அஞ்சியிராவிட்டால் அவை ஜெர்மன் படையெடுப்புக்குக் காரணமாக முடியாது.

இங்கே காலவரிசையே தீர்ப்புச் சொல்கிறது. 1940 ஜூலை 31 அன்று தம் மலை இல்லமான பெர்க்ஹோஃபில் ஹிட்லர் தம் தளபதிகளிடம் ரஷ்யாவை அடுத்த வசந்தத்தில் அழிப்பதென்று அறிவித்தார். தரைப்படைத் தலைமையகத் தலைவர் ஹால்டரின் நாட்குறிப்பின்படி, அவர் சொன்ன காரணம் பிரிட்டனின் கடைசி நம்பிக்கையைத் தகர்ப்பது. சோவியத் தாக்குதல் பற்றிய அச்சம் அதில் இடம்பெறவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் முதல் திட்ட வரைவைத் தயாரித்த தளபதி எரிஹ் மார்க்ஸ், ரஷ்யர்கள் தாமே தாக்கி நமக்கு உதவப்போவதில்லை என்ற பொருள்பட எழுதினார். டிசம்பர் 18 அன்று வெளியான 21ஆம் எண் ஆணை, ஆயத்தங்கள் 1941 மே 15க்குள் முடிய வேண்டும் என்றது. ஜுகோவின் முன்மொழிவு எழுதப்பட்டதே அந்த நாளையொட்டித்தான். ஒன்பது மாதங்களுக்கும் முன்பே எடுத்த முடிவுக்கு அது காரணமாக இருந்திருக்க முடியாது.

1941 ஏப்ரலில், செம்படையின் நிலைகொள்ளல் தாக்குதலுக்கும் இடம்தரும் என்று ஹால்டர் குறித்தது உண்மை. ஆனால் ஜூன் மாதத்திலும் ஜெர்மன் ராணுவ உளவுப்பிரிவின் மதிப்பீடு, எதிரியிடம் பொதுவாகத் தற்காப்பு நடத்தையையே எதிர்பார்த்தது. படையெடுப்புக்கு முன்பே பிறந்த ஆணைகள் போரின் தன்மையைத் தெளிவாக்குகின்றன. மே 2 அன்று கூடிய அரசுச் செயலர்கள், ஜெர்மன் படைக்கு ரஷ்ய மண்ணிலிருந்தே உணவு எடுப்பதென்றும் அதனால் பல கோடிப் பேர் பட்டினியால் சாவார்கள் என்றும் பதிவு செய்தனர். மே 13இல், குடிமக்கள் மீது ஜெர்மன் வீரர்கள் இழைக்கும் குற்றங்களுக்கு விசாரணைக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஜூன் 6இல், பிடிபடும் அரசியல் கமிசார்களைக் கொல்ல ஆணை பிறந்தது. அச்சத்தால் முந்திக்கொண்டவர்கள் இப்படித் திட்டமிடுவதில்லை. நிலத்துக்காகவும் தானியத்துக்காகவும் ஒரு மக்கள்திரளை அழிக்கத் துணிந்தவர்களின் ஆவணங்கள் இவை.

4. மறுவிளக்கத்தின் அளவுகோல்

சுவோரோவின் நூல் ஏன் இத்தனை வாசகர்களை ஈர்த்தது என்பதற்குச் சோவியத் அரசே பெரும் பொறுப்பு. ஜெர்மனியுடன் 1939இல் செய்த ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பை 1989 டிசம்பர் வரை ஏற்க மறுத்த அரசு, மற்ற எல்லாவற்றையும் மறைத்திருக்கும் என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆகவே மறுவிளக்கம் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவது தவறு. முதல் உலகப்போருக்கு ஜெர்மனியே முதன்மைப் பொறுப்பு என்று வாதிட்டு வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961இல் எழுப்பிய புயலை நினைவுகூரலாம். போர் தொடங்கிய பின் ஜெர்மன் அரசு தன் போர்நோக்கங்களை வரைந்த 1914 செப்டம்பர்த் திட்டம் போரின் காரணத்தை நிறுவாது என்று கெர்ஹார்ட் ரிட்டரும் மற்றவர்களும் எதிர்த்தனர். நியாயமான எதிர்ப்பு அது. ஃபிஷர் 1969 நூலில் ஜெர்மன் பேரரசர் கூட்டிய 1912 டிசம்பர் ஆலோசனை உள்ளிட்ட போருக்கு முந்தைய சான்றுகளைக் கொண்டு விடை தேடினார். அவருடைய முடிவுகள் இன்றும் சர்ச்சைக்குரியவையே; ஆயினும் கேள்விக்குரிய காலத்திலும் இடத்திலும் சான்றைத் தேடும் கடமையை அவர் ஏற்றார்.

அதே அளவுகோலை 1941க்கும் வைக்க வேண்டும். செம்படையின் தாக்குதல் ஆயத்தத்தை ஒப்புக்கொள்வதால் ஹிட்லரின் பொறுப்பு அணுவளவும் குறையாது. ஸ்டாலினின் நீண்டகால நோக்கம் பற்றி ஆய்வு தொடரட்டும். 1941 கோடையில் தாக்க அவர் முடிவெடுத்தார் என்பதற்கு ஆவணச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. மூன்றாவது கேள்விக்கோ பெர்லினின் தாள்களே ஐயத்துக்கு இடமின்றி விடை தந்துவிட்டன. சுமார் 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்கள் மாண்ட போர் இது. அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மானியர் வசம் சிக்கிய போர்க்கைதிகள். அந்தப் போரை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்ற கேள்வியில் சான்றுகளை இடம்மாற்றி வைப்பது, கொன்றவர்கள் தாமே எழுதிக்கொண்ட விளக்கத்தை வரலாறாக ஏற்பதாகும்.