தைமஸ் - ஒரு 'வெட்டி' உறுப்பின் கதை

நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. குழந்தைகிட்ட பெருசா இருக்கும். வயசாக ஆகச் சுருங்கி, கடைசியில பெரும்பாலும் கொழுப்பாயிடும். தானே காணாமப் போற இந்த உறுப்பு எதுக்குன்னு டாக்டர்களுக்கே ரொம்ப காலம் பிடிபடலை.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழந்தைகளுக்கு தைமஸ் 'வீங்கி' மூச்சை அடைக்குதுன்னு நம்பி, 1907-லிருந்து அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே பாய்ச்சி அதைச் சுருக்கினார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு! உண்மையில் அந்த வயசுக்கு அதுதான் அளவு. நோயில் நலிந்து இறந்தவர்களின் சுருங்கிப்போன தைமஸைப் பார்த்து 'நார்மல்' எதுன்னு முடிவு கட்டியிருந்தாங்க. அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

வளர்ந்த எலியில் தைமஸை வெட்டி எடுத்தும் பார்த்தார்கள். எலி பாட்டுக்கு நல்லாத்தான் இருந்தது. சரி, இது சாகப்போற வெள்ளை அணுக்களோட இடுகாடுன்னு தீர்ப்பாச்சு.

லண்டன் ஆய்வாளர் ஜாக் மில்லர் இதைத் தேடிப் போகலை. எலிகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கான வைரஸைப் பிறந்த உடனே போட்டாகணும். அதனால் பிறந்த குட்டிகளுக்கே தைமஸை எடுத்தார். பால்குடி மறந்ததும் குட்டிகள் மெலிந்து சாக ஆரம்பிச்சது. வைரஸ் போடாத குட்டிகளும்தான்! ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறைச்சல். வேற எலியோட தோலை ஒட்டினா, பேசாம ஏத்துக்கிச்சு. 1961-ல் லான்செட்டில் எழுதினார். குதிரை லாயத்தில் வளர்த்த எலி, கிருமி தொத்தியிருக்கும்னு சிலர் நக்கல் பண்ணினாங்க.

அப்ப வளர்ந்த எலி மட்டும் எப்படித் தப்பிச்சது? சின்ன வயசிலேயே தைமஸ் அனுப்பிவெச்ச டி செல்கள்தான் கையிருப்பு. 1962-ல் மில்லர் கதிர்வீச்சால் அந்தக் கையிருப்பை அழித்தார். தைமஸ் இல்லாத எலியால் மீள முடியலை. 1965-ல் மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃப் பல மாசம் பொறுத்திருந்து பார்த்தார். கதிர்வீச்சே இல்லாமல் எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருந்தது.

முதுமையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ரெண்டு வயசு லேப் எலின்னா தாத்தா எலி. புது டி செல் வரத்து சொட்டுச் சொட்டாத்தான். பழைய எதிரியை ஞாபகம் வெச்சிருக்கிற செல்கள் நிறைய இருக்கும், புதுக் கிருமி வந்தா திணறும்.

2014-ல் எடின்பரோவில் ஃபாக்ஸ்-என்1 என்ற ஒரே மரபணுவை முடுக்கிவிட்டு, கிழட்டு எலிகளின் தைமஸை மறுபடி வளர வெச்சாங்க. புது டி செல்களும் வந்தது. எலிக்குத்தாங்க, நமக்கில்லை :-)