பெருவிரலுக்கு அரைமணி நேரம்

"பனியன் ஆபரேஷனா? அது ஆம்பளைங்க போடுறதுல்ல?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சித்தி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கால் பெருவிரலின் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து, விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்துவிடும் நிலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் காதில் அப்படித்தான் விழுகிறது.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, பதினெட்டு ஆண்டுகளாக நின்றபடியே பாடம் நடத்தும் எனக்கு இந்த நோய்க்குத் தமிழில் ஒரு சொல் தெரியவில்லை. என் அம்மாவுக்கும் இது உண்டு. "எலும்பு தள்ளிக்கிட்டு நிக்குது" என்பதோடு முடித்துக்கொள்வார். பெயர் இல்லாததால் அதற்கு மருத்துவரும் இல்லை, ஓய்வும் இல்லை. எழுபது வயதிலும் அந்தக் காலோடுதான் அடுப்படியில் நிற்கிறார்.

நம் இலக்கியத்தில் பெண்ணின் பாதத்துக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் அது சீறடி. சிறியது, மெல்லியது, பாலை நிலத்துப் பரல்கற்களில் நொந்துபோவது. பிற்காலத்தில் பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை பாடுவதற்கென்றே பாதாதிகேசம் என்றொரு சிற்றிலக்கிய வகை வந்தது. பொருநராற்றுப்படையில் ஊர் ஊராக நடக்கும் பாடினியின் அடி, ஓடி இளைத்த நாயின் நாக்கோடு ஒப்பிடப்படுகிறது. மென்மையைச் சொல்லவந்த உவமைதான். ஆனாலும் வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவள் நடந்த தூரம்தான் முதலில் தெரியும். இத்தனை பாதங்களைப் பாடமாக நடத்தியும், பெருவிரல் எத்தனை டிகிரி மடங்க வேண்டும் என்று நான் யோசித்ததில்லை. நாற்பத்து நான்காம் வயதில் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

*

கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மெட்டியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். இருபது வருட மெட்டி கழலவில்லை. நகைக்கடையில் வெட்டி எடுத்தார்கள். மறுநாள் விரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பை வெட்டி, நகர்த்தி, இரண்டு திருகாணிகளால் பொருத்தினார்கள். கட்டு இருந்தவரை வீட்டில் எல்லோரும் எனக்காக நடந்தார்கள். காபி கட்டிலுக்கே வந்தது.

இரண்டாவது வாரம் தையல் பிரித்தபோது அரைப்பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பெருவிரலைக் கையால் மேலும் கீழும் மடக்க வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. கூட்டினால் அரைமணி நேரம். தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். நான்கு வாரம் அது அங்கேயே இருந்தது.

வலி ஒரு காரணம். வீடு இன்னொரு காரணம். கட்டுப் பிரிந்ததும் வீட்டின் கணக்கில் நான் குணமாகிவிட்டேன். காலை மடியில் போட்டு உட்கார்ந்தால், "சும்மாதானம்மா உக்காந்திருக்க, இந்தக் கீரையை ஆஞ்சு குடுத்துரு" என்பார் அத்தை. அவர் கொடுமைக்காரர் அல்ல. வெட்டுவதும் தைப்பதும் மாத்திரை விழுங்குவதும்தான் அவருக்கு வைத்தியம். கையும் காலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சும்மா இருப்பது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கீரையை வாங்கிக்கொள்வேன்.

வந்தவர்கள் எல்லோரும் வீங்கிய இரண்டாம் விரலைப் பார்த்து, "மெட்டி எப்ப போடுவீங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து விரல் மடங்குகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "பிரமாதமா இருக்கு" என்றார். எலும்பு நேராகத்தான் இருந்தது. விரல் மேல்நோக்கி 20 டிகிரி மட்டுமே வளைந்தது. சமதரையில் இயல்பாக நடக்க ஏறத்தாழ 60 டிகிரி வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழும்போது உடம்பின் பாரத்தை முன்னே தள்ளிவிடுவது பெருவிரல்தான். அது வளையாவிட்டால் கால் வெளி ஓரமாகச் சாய்ந்து நடக்கும், பிறகு முழங்காலும் இடுப்பும் அந்தச் சாய்வுக்கு விலை கொடுக்கும். தரையில் குந்தி எழுந்திருப்பதற்கு இன்னும் அதிக வளைவு தேவை. வெட்டிய இடத்தைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவை வளர்க்கிறது. அசைக்காத மூட்டின் உறை சுருங்கி இறுகிவிடுகிறது. கத்தி செய்தது பாதி வேலை. மீதி வேலை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

*

வீட்டில் இருந்த அந்த வாரங்களில் இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். குதி உயர்ந்த செருப்புப் போடும் பெண்களுக்கு வருவது என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். "நீங்க ஹீல்ஸ் போடுவீங்களா?" என்று என்னையும் கேட்டார்கள், குற்றம் விசாரிப்பதுபோல.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்த 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2021இல் வெளிவந்தது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டினரில் அது 27 சதவீதம். இடையில் வந்தது கூர்முனைக் காலணி. பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களே அதிகம். ஊர்ப்புறக் கல்லறையில் 3 சதவீதமாக இருந்தது, துறவியரும் வசதியானவர்களும் புதைக்கப்பட்ட மடத்தில் 43 சதவீதமாக ஏறியிருந்தது. காலணியின் மூக்கு அவ்வளவு நீண்டுபோனதால், நான்காம் எட்வர்ட் மன்னர் காலத்தில் லண்டனில் அது இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அப்போது கால் கோணியவர்களைப் பற்றி, ஆண்புத்தி அலங்காரப் புத்தி என்று யாரும் சொல்லவில்லை. குதி உயர்ந்த காலணியும் ஐரோப்பாவில் முதலில் பிரபுக்களின் அடையாளம்தான். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் சிவப்புக் குதிகள் பேர்போனவை.

1958இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் நேரடியாகச் சொன்னது. ஷூ அணிந்தவர்களில் 33 சதவீதம் பேருக்குப் பெருவிரல் கோணியிருந்தது. காலணி இன்றி வாழ்ந்தவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு மட்டும். அந்த 2 சதவீதத்தையும் மறந்துவிடக் கூடாது. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் போடாத என் அம்மா அவர்களோடு சேர்ந்தவர். எலும்பின் அமைப்பு தலைமுறையாகவும் வருகிறது. அதை மோசமாக்குவது எது என்பது காலத்தையும் நாகரிகத்தையும் பொறுத்தது. பெண்ணாகப் பிறந்ததன் குற்றம் அதில் எதுவும் இல்லை.

*

அறுவை சிகிச்சையின் வரலாறு முழுக்கப் பெயர்கள். இந்நோய்க்கு லத்தீனில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான கார்ல் ஹ்யூட்டர். எலும்பை வெட்டித் திருத்தும் முறையை 1881இல் எழுதியவர் ரெவர்டின். 1904இல் கெல்லர், 1928இல் மெக்பிரைட். இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள், பலவற்றுக்கும் ஓர் ஆணின் பெயர். எனக்குச் செய்த முறைக்கு மட்டும் தச்சு வேலையிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். இரண்டு மரத்துண்டுகளை நீளவாக்கில் சேர்க்கும் 'ஸ்கார்ஃப்' இணைப்பு.

கத்திக்குப் பிறகு வரும் வேலைக்கு இப்படிப் பெயர்கள் ஒட்டவில்லை. ஆனால் அதற்கும் வரலாறு உண்டு, அதில் பெண்கள் இருக்கிறார்கள். 1894இல் லண்டனில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு செவிலியர்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் தாய் அதுதான். அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், மசாஜ் நிலையம் என்ற பேரில் பாலியல் தொழில் நடப்பதாக எழுதியிருந்தது. அடுத்தவர் உடம்பைத் தொட்டு வேலை செய்யும் பெண்கள் எல்லோர்மேலும் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகத்துக்கு எதிராகவே சங்கத்தின் விதிகள் எழுதப்பட்டன. மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. மருத்துவர் தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய ஆண்களுக்குச் செய்யக் கூடாது. மருத்துவ இதழ்களில் தவிர விளம்பரம் கூடாது. இப்படி மரியாதையைச் சம்பாதித்து 1920இல் அரச சாசனம் பெற்றார்கள். மருத்துவரின் சொல்லுக்குக் கீழே நிற்பது அந்த மரியாதையின் விலை.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களின் கைகால்களை மீண்டும் இயங்க வைத்தவர்களும் பெண்களே. 'புனரமைப்பு உதவியாளர்' என்று பெயர், ராணுவத் தரவரிசை கிடையாது. அவர்களில் முன்னோடியான மேரி மெக்மில்லன், 1921இல் உருவான அமெரிக்கப் பெண்கள் உடற்பயிற்சிச் சிகிச்சைச் சங்கத்தின் முதல் தலைவர். அதே ஆண்டு மசாஜும் சிகிச்சைப் பயிற்சியும் பற்றி ஒரு பாடநூலும் எழுதினார்.

நம் வேலூருக்கும் இதில் இடம் உண்டு. கொச்சியில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸுக்கு 1954இல் ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். அந்த அறுவையில் ஒரு விரலின் தசைநாரை எடுத்து வேறு வேலைக்கு மாற்றி வைப்பார்கள். இடம்மாறிய தசைநாருக்குப் புது வேலையை நோயாளி நாள்தோறும் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் கை திறக்காது. இப்போது நான் போடும் எம்.சி.ஆர். செருப்பும் உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களுக்காக வேலூரில் உருவானதுதான். பெருவிரலுக்காகப் படிக்கத் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தேன்.

*

ஆறாவது வார எக்ஸ்ரேக்குப் பிறகு நானாகவே ஒரு சிறிய பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயதிருக்கும் பெண், என் மாணவிகளைப் போல. நான் மடக்கிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க நுனி மூட்டை மடக்குறீங்க. மடங்க வேண்டியது அடி மூட்டு" என்றார். ஒரு கையால் பாதத்து எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் விரலின் அடிப்பகுதியைப் பிடித்து, மெல்ல இழுத்தாற்போல மேலே வளைத்துப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பிறகு கீழே, அதேபோல. இழுபடும் வலி இருக்கலாம், குத்தும் வலி கூடாது. மூட்டை ஒட்டிவைத்துவிடும் அறுவை செய்தவர்களுக்கு இது பொருந்தாது, எந்த முறை என்று கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

அடுத்து, தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுப்பது. விரல்களை விசிறிபோல விரிப்பது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்துவது. எல்லாவற்றையும்விடச் சிரமம் நடக்கக் கற்றுக்கொள்வதுதான். வலிக்குப் பயந்து வெளி ஓரத்தில் பாரம் போட்டுப் பழகிய கால், விரல் வளையத் தொடங்கிய பிறகும் அதை நம்பவில்லை. குதி, பாதம், கடைசியில் பெருவிரல் தரையைத் தள்ள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கல்லூரித் தாழ்வாரத்தில் நடந்தேன்.

வீட்டில் ஒன்றைச் செய்தேன். அடுப்படி நாட்காட்டியில் காலை 6, மாலை 5, இரவு 9 என்று எழுதி, எதிரே 'சிகிச்சை' என்று எழுதினேன். பயிற்சி என்று எழுதவில்லை. முதல் வாரம் அத்தை கீரையோடு வந்து, நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, அதைத் தன் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஆய்ந்தது அவ்வளவு சுத்தமாக இல்லை. சாப்பிட்டோம்.

மூன்றாம் மாதம் அம்மா வந்திருந்தபோது, கோலிக்குண்டைக் கால்விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போடும் பயிற்சியில் இருந்தேன். குண்டு வழுக்கி வழுக்கி ஓடியது. அம்மா சமையலறைக்குப் போய் ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவந்து கொட்டினார். "இதை எடு, புடிக்க வரும்." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கோணிய தன் விரலால் அவரும் முயன்றார். இரண்டு கொட்டை எடுத்தார். மூன்றாவதில் கால் சுளுக்கிக்கொண்டது. நான் அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்து அடிமூட்டைப் பிடித்தேன். அம்மாவின் பாதத்தை அதற்கு முன் நான் கையில் எடுத்ததே இல்லை. "விடுடீ, வேலை கெடக்கு" என்றார். பத்து எண்ணும்வரை விடவில்லை.

இப்போது ஆறு மாதம். மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு பணம் கொடுத்தது, கல்லூரி விடுப்பு கொடுத்தது. அந்த அரைமணி நேரத்தை மட்டும் நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விரல் 50 டிகிரி வளைகிறது. சாயங்காலங்களில் கொஞ்சம் வீங்குகிறது. போன வாரம் தரையில் குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தேன். மெட்டி இன்னும் போடவில்லை. நாட்காட்டியில் மூன்று நேரமும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே அத்தை, தன் முழங்கால் வலிக்கு என்று நான்காவதாக ஒரு நேரத்தை எழுதியிருக்கிறார்.